மேற்படி வாகனம்

ஜூன் 23, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் இன்று கோபியில் எங்கள் வீட்டுக்கு வந்து சென்றனர். பேசியவற்றை நினைவு மங்குமுன் எழுதி வைக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகளாக வங்கிகளுக்காகச் சொத்துப் பத்திரங்களைப் படித்துச் சட்டக் கருத்துரை எழுதி வருபவன் நான். எழுதாததை நம்பும் பழக்கம் எனக்கு இல்லை.

உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயமாகிச் சரியாக ஒரு மாதம் ஆகிறது. ஆவணி இருபதாம் தேதி முகூர்த்தம். மண்டபம், சமையல், பந்தல் ஆகியவை பேசி முடிந்தபின், மாப்பிள்ளை கௌசிக்கின் தந்தை பொங்கியண்ணன் சொன்னது:

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க சம்பந்தி. புள்ளையக் குடுக்கறீங்க, அது போதும். ஆனா பாருங்க, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகை வண்டில வந்து எறங்குனா எங்க ஊர்ல நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாங்க. மண்டபத்து வாசல்ல ஒரு வெளிநாட்டு வண்டி நிக்கோணும். புதுசு வேணும்னு நாங்க சொல்லலீங்க. பழசா இருந்தாலும் பாக்க அம்சமா இருந்தாப் போதும். அப்புறம் அது சின்னஞ்சிறுசுக ஓட்டிக்கிட்டுப் போறது."

இதில் 'தர வேண்டும்' என்ற சொல் இல்லை. 'கேட்கிறோம்' என்ற சொல்லும் இல்லை. என் மகள் தாரணி அப்போது சத்தியமங்கலத்தில் விவசாயிகள் முகாமில் இருந்தாள். வேளாண்மை அலுவலருக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது.

அவர்கள் சென்றபின் என் மனைவி ருக்குமணி, "கேட்டுப்போட்டாங்க. இனிக் குடுத்துத்தானுங்க ஆகோணும்" என்றாள்.

அவர்கள் கேட்கவில்லை என்று திருத்தினேன். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 25, செவ்வாய்

கோரப்படாமல், வழக்கத்தை ஒட்டி, தருபவரின் வசதிக்கு மிகாமல் தரப்படும் அன்பளிப்பைச் சட்டம் தடுப்பதில்லை. அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதியும் இருக்கிறது. எனக்குத் தெரிந்து ஒரு கல்யாணத்திலும் எவரும் அதைச் செய்ததில்லை. நான் செய்வேன்.

புதிய வண்டி என் சக்திக்கு அப்பாற்பட்டது. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியதாகப் பார்க்கலாம்.

தாரணியிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு. வண்டி எனக்காக என்று சொல்லிக்கொள்வோம். என் சிறிய காரை மாற்றச் சொல்லி அவளே இரண்டு ஆண்டுகளாக நச்சரித்து வருகிறாள். ஆகவே அது முழுப் பொய்யும் ஆகாது.

ஜூன் 29, சனி

பொங்கியண்ணன் தொலைபேசியில் ஒரு தரகரின் எண்ணைக் கொடுத்திருந்தார். பெயர் லோகநாதன். கோவையில் அவிநாசி சாலைக்கு உட்புறம் ஒரு கொட்டகையில் வண்டியைக் காட்டினார். கருநீலம், ஜெர்மன் தயாரிப்பு, பன்னிரண்டு வயது, தோல் இருக்கைகள். கதவை மூடினால் ஓசையே இல்லை. வங்கிப் பெட்டகத்தின் கதவைப் போல அது தானாகச் சென்று பொருந்துகிறது. இரண்டு முறை மூடித் திறந்தேன். மூன்றாவது முறை தேவையற்றது, ஆயினும் செய்தேன்.

பழைய சொகுசு வண்டியைப் பார்க்கப் போகுமுன் நான் மூன்று நாள் படித்தேன். அதில் முதல் பாடம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்க்க வேண்டும் என்பது. எனவே நான் வரும் வரை கிளப்பக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பானட்டில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"கிளப்பினீர்களா?"

"ஒரே ஒரு ரவுண்டுங்க. நீங்க வர்றீங்கன்னு ஏசி போட்டு வெச்சனுங்க. வெயில்ல வந்து வேர்த்துப் போயி உக்காந்தா வண்டி மேல மனசு வராதுல்லங்க."

இரண்டாவது சாவியைக் கேட்டேன். தேடுகிறோம் என்றார். சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டேன். அதையும் தேடுகிறார்களாம். நல்ல வண்டி. மனம் அதில் சாய்கிறது. எனவே கூடுதல் எச்சரிக்கை தேவை.

ஜூலை 1, திங்கள்

பதிவுச் சான்று, காப்பீடு, கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம், நிலுவையிலுள்ள அபராதங்கள், முந்தைய விபத்து இழப்பீடுகள் ஆகியவற்றின் நகல்களை எழுத்துமூலம் கோரினேன். லோகநாதன் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினார்.

ஜூலை 6, சனி

ஆடி பிறக்குமுன் நெருங்கிய சொந்தங்களுக்குப் பத்திரிகை வைத்துவிட வேண்டும். குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை. பிறகு காங்கேயத்தில் என் அக்கா பாவாயம்மாள் வீட்டில் தொடங்கி ஒன்பது வீடுகள். வெற்றிலைத் தட்டைக் கையில் வாங்கியதும் அக்கா கேட்டாள்:

"பொள்ளாச்சிக்காரங்க என்ன எதிர்பாக்கறாங்க?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணுமே இல்லியா? அப்ப நல்ல எடந்தான்."

அவர்கள் எதுவும் கேட்கவில்லை என்ற பொருளில் என் பதில் சரியானதே.

ஜூலை 10, புதன்

நகல்கள் வந்தன. முதல் உரிமையாளர் சென்னையில் ஒரு மருந்து மொத்த வணிகர். எட்டு ஆண்டுகளுக்கு முன் வண்டி 'ஸ்ரீ மாசாணி டிரேடர்ஸ்' என்ற கூட்டாண்மை நிறுவனத்தின் பெயருக்கு மாறியிருக்கிறது. முகவரி காந்திபுரத்தில் ஒரு மாடிக் கட்டடம். இன்றுவரை அந்நிறுவனமே உரிமையாளர்.

விற்பவர் கூட்டாண்மை நிறுவனம் என்றால், நிறுவனத்தின் சொத்தை விற்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று பார்க்காமல் நான் மேலே போவதில்லை. நிலத்துக்கு ஒரு நீதி, காருக்கு ஒரு நீதி இருக்க முடியாது. லோகநாதனை அழைத்துக் கூட்டாண்மைப் பத்திரத்தின் நகல் வேண்டும் என்றேன்.

"எதுக்குங்க?"

"பங்குதாரர்கள் எத்தனை பேர், விற்க எல்லாருக்கும் சம்மதமா என்று அறிய."

"வக்கீலய்யா, பதினெட்டு வருசமா வண்டி விக்கறனுங்க. வண்டி வாங்க வந்து பார்ட்னர்ஷிப் டீடு கேட்ட மொத ஆளு நீங்கதான். காத்து இருக்குதா, பிரேக் புடிக்குதான்னு கேப்பாங்க."

"அவற்றையும் கேட்பேன்."

பெருமூச்சு கேட்டது. "அவுங்க ஆடிட்டர் ஆபீஸ்ல உங்க நம்பரக் குடுத்துடறனுங்க. நேரா அனுப்பிருவாங்க. என்னைய விட்டுருங்க."

இந்தக் கேள்வியை இதற்குமுன் எவரும் கேட்டதில்லை என்பதை அது தேவையற்றது என்பதற்கான சான்றாக நான் ஏற்பதில்லை.

ஜூலை 13, சனி

இன்றைய பதிவு நீளும்.

மெக்கானிக் வின்சென்டைக் கோபியிலிருந்து அழைத்துச் சென்றேன். அவருடைய பட்டறை நிலத்துக்குக் கருத்துரை எழுதியவன் நான்; அந்த நன்றியில் வந்தார். புறப்படும் நேரத்தில் தாரணி, "லீவுதாம்ப்பா, நானும் வர்றேன். உங்க வண்டிய நான் பாக்க வேண்டாமா?" என்று பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். தடுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

வின்சென்ட் எஞ்சின் பக்கமே முதலில் போகவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின் ஒரு கைக்கருவியைக் கதவுகளிலும் கூரையிலும் வைத்துப் பார்த்து, இடப்பக்கப் பின்கதவு மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது என்றார். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு எண்களைப் படித்து, எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் செய்தது என்று தாரணிக்குக் காட்டினார். மீட்டர் அறுபதாயிரம் என்றது. பிரேக் மிதியின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது.

"அறுபதாயிரத்துல இப்படித் தேயாதுங்கய்யா. ஒண்ணரை லட்சம் ஓடியிருக்கும். மீட்டருக்கு வயசு கொறையும், காலு வெக்கற எடத்துக்குக் கொறையாது."

லோகநாதன், "டிரைவருக்குக் காலு கனமுங்க" என்றார்.

"டிரைவரு யானையா?" என்றாள் தாரணி.

அடுத்து வின்சென்ட் என்னிடம் சொன்னார்: "பின்சீட்டு பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழுங்க. எல்லாரும் பாதி இழுத்துட்டு விட்டுருவாங்க."

இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த கடைசி முழத்தில், பட்டையின் குறுக்கே காய்ந்த பழுப்புக் கோடு. மறுபக்கமும் அதே உயரத்தில் அதே கோடு.

தாரணி குனிந்து பார்த்தாள். "வெள்ளத்துல நின்ன கரும்புல இப்படித்தான் கோடு விழும். எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு தண்டப் பாத்தே சொல்லிரலாம்."

வின்சென்ட் தலையாட்டினார். இருக்கைக்கு அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. உதிரிச் சக்கரத்தைத் தூக்கியதும் பள்ளத்தின் மூலையில் நுண்ணிய வண்டல். விரலால் எடுத்தபோது மாவு போல ஒட்டியது. சென்னையில் பெருவெள்ளம் வந்த ஆண்டுக்கு மறு ஆண்டில்தான் வண்டி கைமாறியிருக்கிறது. கடைசியாக அவர் கணினிக் கருவியை மாட்டினார். பழைய பிழைக் குறிப்புகள் அனைத்தும் வியாழக்கிழமை அழிக்கப்பட்டிருந்தன.

"ஐயா, இது வெளியில மட்டுந்தான் காரு. உள்ள ஒயரெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கும். இன்னிக்கு ஓடும். நாளைக்கி மழையில எங்காச்சும் நின்னுச்சுன்னா ரெக்கவரி வண்டிதான். வேண்டாமுங்க."

திரும்பும்போது தாரணி சிரித்துக்கொண்டே வந்தாள். "ஒரு பழைய காருக்கு எத்தன சோதனை. எனக்குப் பாத்த மாப்பிள்ளைக்கு நீங்க என்ன சோதனை பண்ணீங்க?"

படிப்புச் சான்றிதழ், தென்னந்தோப்புகளின் வில்லங்கச் சான்று, தேங்காய் நார் ஆலையின் உரிமம், ஜாதகம் ஆகியவற்றைப் பார்த்ததாகச் சொன்னேன்.

"பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழுத்தீங்களா? வின்சென்ட் அண்ணன அனுப்பியிருக்கலாம்."

வின்சென்ட் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

பொங்கியண்ணன் காலை ஏழு மணிக்கு அழைத்தார்.

"வண்டியப் பாத்தீங்களாமா சம்பந்தி. லோகநாதன் சொன்னான். மெக்கானிக் ஆயிரம் சொல்லுவானுங்க, அவனுக்கு வேலை வேணுமல்ல. கௌசிக்குக்கு அந்தக் கலருதான் புடிக்கும். பின்சீட்டுல சூடு வெக்கற வசதி கூட இருக்குது, ஊட்டிக்குப் போனா அத்தன சொகமா இருக்கும்."

வேறு வண்டிகளையும் பார்க்கலாம் என்று இருப்பதாகச் சொன்னேன்.

"இனி எங்கீங்க நேரம். ஆடிப்பெருக்குக்குள்ள வண்டி ஊட்டுக்கு வந்துட்டா நல்லது. நீலமே இருக்கட்டுமுங்க."

பின்னிருக்கையைச் சூடாக்கும் வசதி இருப்பது எனக்குத் தெரியாது. லோகநாதனும் சொல்லவில்லை. பொங்கியண்ணன் அறிந்திருக்கிறார். தரகர் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் நாள். காலை பத்து நாற்பதுக்குத் தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து கூட்டாண்மைப் பத்திரத்தின் நகல் வாட்ஸ்அப்பில் வந்தது. படித்தேன்.

ஜூலை 18, வியாழன்

நேற்று எழுத இயலவில்லை. தண்ணீர் மோட்டார் பழுது என்று நேரம் போயிற்று. இன்று எழுதுகிறேன்.

ஸ்ரீ மாசாணி டிரேடர்ஸ் நிறுவனத்துக்குப் பங்குதாரர்கள் இருவர். ஒருவர் பொங்கியண்ணனின் மனைவி. மற்றவர் பொ. கௌசிக், அதாவது மாப்பிள்ளை.

வண்டி அவர்களுடையது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை மலிவாக வாங்கி எட்டு ஆண்டுகள் ஓட்டித் தேய்த்தபின், தரகர் மூலம் எனக்கு விற்று, என்னிடமிருந்தே அன்பளிப்பாகத் திரும்பப் பெறுவது ஏற்பாடு. பணமும் அங்கே போகும். வண்டியும் அங்கே போகும்.

கருத்துரை: விற்பவருக்கு உரிமை உண்டு. பங்குதாரர் இருவரும் கையொப்பமிட்டால் விற்பனை செல்லும். வாங்கியவர் தம் பொருளை எவருக்கும், முந்தைய உரிமையாளர் உட்பட, அன்பளிப்பாக வழங்கத் தடை ஏதுமில்லை. எனவே சட்டப்படி ஆட்சேபம் இல்லை.

மேலே எழுதியதை மூன்று முறை படித்தேன். பிழை தென்படவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மீண்டும் படித்தேன்.

ஜூலை 20, சனி

காலை நான்கு மணிக்கு விழிப்பு. வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பால்காரர், "ஏனுங்க வக்கீலய்யா, யாரயாச்சும் எதிர்பாக்கறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீதிமன்றம் விடுமுறை. மேசை இழுப்பறைகளைச் சுத்தம் செய்தேன். எழுதாத பேனாக்கள் பதினான்கு இருந்தன.

ஜூலை 22, திங்கள்

ருக்குமணியிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"நாப்பத்தோரு ஊட்டுக்குப் பத்திரிகை வெச்சாச்சுங்க."

"தெரியும்."

"தாரணிக்கு இருபத்தெட்டு முடியுது. போன வருசம் வந்த எடம் தட்டிப்போனதுக்கே உங்கக்கா என்ன பேசுனாங்க." சற்றுப் பொறுத்து, "அவுங்க ஊட்டு வண்டி அவுங்க ஊட்டுக்கே போகுது. நமக்குக் கொஞ்சம் நட்டம். அவளுக்குத் தெரிய வேண்டாம். என்னங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பாள். நான் மறுக்கவும் இல்லை.

தாரணி மாலையில் மண் மாதிரிப் பைகளோடு வந்தாள். சமையலறையில் கௌசிக்கோடு தொலைபேசியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் நீண்ட காலமாகக் கேட்டதில்லை. அதுவும் பரிசீலனைக்கு உரியதே.

ஜூலை 25, வியாழன்

வெள்ளச் சேதத்தைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைக்குமாறு லோகநாதனிடம் கோரினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

"ஓனரு ஒத்துக்கிட்டாருங்க. வக்கீலய்யா கேட்டா முடியாதுன்னா சொல்ல முடியும்னாருங்க."

விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு கணம் எனக்கு வென்றது போலத் தோன்றியது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஜூலை 27, சனி

உரிமை மாற்றப் படிவங்கள் கையொப்பமாகி வந்தன. கௌசிக்கின் கையொப்பம் தெளிவாக, சற்றே வலப்புறம் சாய்ந்து இருக்கிறது. நிச்சயத்தன்று பதிவேட்டில் இட்ட அதே கையொப்பம்.

அன்பளிப்புப் பட்டியலை வரைந்தேன். 'மணமகனுக்கு மணமகள் வீட்டார் அளிப்பவை. ஒன்று: மேற்படி வாகனம், கருநீலம்.' சேசிஸ் எண்ணை இருமுறை சரிபார்த்தேன். வாகனம் வாங்கப்பட்ட இடம் என்ற பகுதியை நிரப்பவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

எதுவும் விடுபடாமல் எழுத முயல்கிறேன்.

காலை பதினொரு மணிக்குத் தாரணி தன் அலுவலக அறிக்கை ஒன்றை அச்செடுக்க என் அறைக்கு வந்தாள். அச்சு இயந்திரத்தில் நான் நேற்று எடுத்த பட்டியலின் பிரதி கிடந்தது. அருகே படிவங்களின் கோப்பு. நான் பூசையறையில் இருந்தேன். வந்தபோது அவள் என் நாற்காலியில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கூட்டாண்மைப் பத்திரமும் அதிலேயே இருந்தது. வரிசைப்படி அடுக்கி வைப்பது என் வழக்கம்.

"வண்டி உங்களுக்குன்னு சொன்னீங்க."

"ஒரு வகையில்..."

"இல்லப்பா. எந்த வகையிலயும் இல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "இது அவங்க காரு."

"ஆம்."

தொலைபேசியை எடுத்தாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். நான் வெளியேற எழுந்தேன். உட்காரும்படி கையால் காட்டினாள்.

"கௌசிக், அந்த நீலக் கார் சேல் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டது நீங்களா?"

"எந்த... ஓ, அதா. அப்பா நீட்டினாரு, போட்டேன்."

"யாருக்கு விக்கறீங்கன்னு தெரியுமா?"

"தாரணி, அது பெரியவங்க விசயம். நாம எதுக்கு அதுல."

"தெரியுமா, தெரியாதா?"

"...தெரியும். எப்படியும் நம்ம வீட்டுக்குத்தான் வரப்போகுது. நீயும் நானுந்தான் ஓட்டப் போறோம். இத ஒரு பெரிய விசயமா எடுத்துக்காத."

"சரி" என்றாள். "நான் எடுத்துக்கறேன். கல்யாணம் வேண்டாம், கௌசிக்." தொடர்பைத் துண்டித்தாள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோப்பை மீண்டும் திறந்து, வாட்ஸ்அப் நகலின் மேல் நான் பென்சிலால் எழுதியிருந்த தேதியைச் சுட்டினாள்.

"ஜூலை பதினேழு. இது உங்க கையெழுத்து. அவரு படிக்காமக் கையெழுத்துப் போட்டிருந்தாக்கூட ஏதோ ஒண்ணு சொல்லியிருப்பேன். நீங்க படிச்சீங்க. படிச்சுட்டுப் பதினோரு நாள் என் கூட உக்காந்து சாப்பிட்டீங்க."

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று எழுத வேண்டும். பத்திரிகை வைத்தாயிற்று என்றேன். வயது என்றேன். உன் நன்மைக்கு என்றேன். இவற்றில் ஒன்றையும் அவள் மறுக்கவில்லை. எழுந்து போய்விட்டாள். ருக்குமணி வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

பதினேழாம் தேதி நான் அறிந்தது மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி மட்டும் என்று இதுவரை எண்ணியிருந்தேன்.

ஜூலை 29, திங்கள்

தனியாகப் பொள்ளாச்சிக்குச் சென்றேன். படிவங்களைத் திருப்பிக் கொடுத்தேன். பொங்கியண்ணன் அவற்றைத் தொடாமல் மேசையில் கிடக்கவிட்டார்.

"சின்னப் புள்ளைக போன்ல சண்ட போட்டுக்குமுங்க. நாம பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம். வண்டி வேண்டாமா, வேண்டாம். வேற எதும் நாங்க கேட்டமா? நீங்க சட்டம் படிச்சவுங்க சம்பந்தி, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. கேட்டமா?"

"கேட்டீங்க" என்றேன். "காதுல விழாத மாதிரி நான் இருந்துட்டேன். அது வரதட்சணைதானுங்க. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவர் முகம் இறுகியது. "நீங்களுந்தான் வெலையக் கொறைச்சீங்க. எங்க வண்டின்னு தெரிஞ்சுதான் கொறைச்சீங்கன்னு இப்பல்ல தெரியுது. அப்ப இனிச்சுதா?"

கௌசிக் மாடிப்படியில் பாதி தூரம் இறங்கி வந்து நின்றான். என்னைப் பார்த்தான், தந்தையைப் பார்த்தான், மறுபடி ஏறிப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் தகவல் சொல்லியாயிற்று. தாரணி வழக்கம் போல வேலைக்குப் போகிறாள். என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறாள். நேற்று உப்புக் கிண்ணத்தை நகர்த்தச் சொன்னாள்.

நேரில் பத்திரிகை வைத்த வீடுகளுக்கு நேரில் போய்த்தான் நிறுத்தியதையும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்வது மரியாதை ஆகாது. ருக்குமணி, "ஜாதகத்துல தோசம்னு சொல்லிப்போடலாம். ரெண்டு பக்கமும் பேரு கெடாது" என்றாள். ஆடியில் வேறு ஒரு சோதிடரிடம் காட்டியதாகச் சொல்லலாம் என்று நானும் ஒரு வாசகத்தை மனத்தில் அமைத்துக்கொண்டிருந்தேன். 'எதிர்பாராத சில காரணங்களால்' என்று தொடங்கும் இன்னொன்றும் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் தாரணி நிமிராமல் கேட்டாள்: "எப்பப் போறீங்க?"

"சனிக்கிழமை. முதலில் காங்கேயம்."

"நானும் வர்றேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு நான் கேக்கணும்."

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். என் சிறிய காரைத் தாரணி ஓட்டினாள். காவிரிக்குப் போகும் கூட்டத்தால் சாலையெங்கும் வேன்கள். பெண்கள் தட்டுகளோடு ஏறிக்கொண்டிருந்தனர். நாங்கள் எதிர்த்திசையில் போனோம். நான் கைப்பையைத் திறந்து மூடினேன். அதில் எடுக்க ஒன்றும் இல்லை.

அக்கா எங்கள் மூவரையும் பார்த்ததும், "என்ன, எல்லாருமா வந்திருக்கறீங்க? கல்யாணச் சோலி கெடக்குதல்ல" என்றாள். ருக்குமணி நேரே உள்ளே போய்ச் சமையலறையில் நின்றுகொண்டாள். அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எதிர்பாராத சில..." என்று தொடங்கினேன். அக்காவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து தாரணி நின்றிருந்தாள். கைகளைக் கட்டியிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. காத்திருத்தல் மட்டுமே இருந்தது.

மீண்டும் தொடங்கினேன்.

"கல்யாணம் நின்னுபோச்சுக்கா. போன தடவ நீ கேட்டப்ப ஒண்ணும் எதிர்பாக்கலேன்னு சொன்னேன். அது பொய். அவங்க கார் கேட்டாங்க. தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். அவங்களோட பழைய காரையே என் தலைல கட்டி, அதையே வாங்கிக்கப் பாத்தாங்க. அது தெரிஞ்ச பின்னாலயும் நான் வாயத் திறக்கல. வெல பேசினேன். தாரணிதான் நிறுத்தினா."

அக்காவுக்குச் சொல்ல நிறைய இருக்கும் என்பதை நான் அறிவேன். ஆனால் அவள் கழுத்தைத் திருப்பி, "சாப்டியா கண்ணு?" என்று தாரணியிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. தாரணி இரண்டு இட்லி சாப்பிட்டாள். நான் உண்ணாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, வெளியே வந்து வண்டியருகே நின்றேன்.

இன்னும் நாற்பது வீடுகள். வெள்ளகோவில் சாலையில் திரும்பினோம். தாரணி லாரி ஒன்றுக்கு வழிவிட்டு, கியரை மாற்றி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"அடுத்த வீட்டுல ஆரம்பிக்க இவ்வளவு நேரம் எடுத்துக்காதீங்கப்பா."